மூன்று பேரில் மூன்றாவது

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாடிப்படியில் நிறுத்தி என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டியவள் மேல்வீட்டு நிபியா பெரேய்ரா. வயது அறுபத்தெட்டு. முப்பத்தொரு வருடம் மொண்டெவிடியோ நகரப் பேருந்துகளில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள்.*

“ஏய் கீழ்வீடு, நீ கதை எழுதுறவன்தானே? என்னைப் பத்தி ஒண்ணு எழுது.”

“எந்த மொழியில?”

“உன் மொழியிலதான். இங்க ஒரு ஆளும் படிக்கக் கூடாது. முக்கியமா வால்கிரியா படிக்கக் கூடாது.”

இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என் மொழி யாருக்கும் புரியாது என்பதை ஒரு தகுதியாக யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை.

“இன்னொண்ணு. ‘வயசு வெறும் எண்ணுதான்’னு எழுதிடாதே. எண்ணு இல்லாம எப்படிப் பிரிவு பிரிப்பாங்க? அறுபத்தஞ்சுல இருந்து அறுபத்தொம்பது, பெண்கள். அதுதான் என் பிரிவு. என் எண்ணு எனக்கு வேணும்.”

சரி என்றேன். அன்றே உட்கார்ந்து எழுதினேன்.

‘விடியலின் பொன்னிறம் ஆற்றில் உருகிக்கொண்டிருக்க, நிபியாவின் கால்கள்—’

நிறுத்திவிட்டேன். விடியலில் நிபியாவின் கால்கள் போர்வைக்குள் ஒன்றையொன்று உரசிச் சூடு தேடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

‘ஓட்டம் என்பது தன்னைத்தானே வெல்லும்—’

அதையும் அடித்துவிட்டேன். நிபியாவுக்குத் தன்னைத்தானே வெல்லும் எண்ணம் என்றைக்கும் இருந்ததில்லை. அவள் வெல்ல நினைத்தது மிர்தாவை. மிர்தா யார் என்பதற்கு முன்னால் பேருந்தைச் சொல்ல வேண்டும்.

(*அடிக்குறிப்பு: அறுபத்தெட்டு வயதுக்காரியை ‘அவள்’ என்று எழுதுவதா, ‘அவர்’ என்று எழுதுவதா என்று இரண்டு நாள் குழம்பி, கடைசியில் அவளிடமே கேட்டேன். தமிழில் மரியாதைக்குத் தனி விகுதி உண்டு என்று விளக்கினேன். “மரியாதை போட்டா வார்த்தை நீளுமா?” என்றாள். கொஞ்சம் நீளும் என்றேன். “அப்ப வேண்டாம். ஓடறப்ப எதுக்குச் சுமை?”)

2

ஓய்வு பெற்ற இரண்டாவது வாரம், ஞாயிற்றுச் சந்தைக்குப் போவதற்காக நிபியா வீட்டை விட்டு இறங்கினாள். நிறுத்தத்தில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. நாற்பது மீட்டர் இருக்கும். பையை இடுக்கிக்கொண்டு ஓடினாள். ஓட்டுநர் அவளுக்குத் தெரிந்தவன்தான். கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நிபியா உடற்பயிற்சி செய்கிறாள் என்று நினைத்துவிட்டானாம்.

நிறுத்தத்துக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் காதில் கேட்டது. “முப்பத்தொரு வருஷம் ஜன்னல்ல எட்டிப் பாத்து ‘சீக்கிரம் ஓடி வா, சீக்கிரம்’னு ஊரையே விரட்டியிருக்கேன். நான் ஒரு நாளும் ஓடினதில்லை. ஊரு முழுக்கச் சுத்தியிருக்கேன், ஒரு தெருவைக்கூடக் காலால தாண்டினதில்லை” என்று பிற்பாடு சொன்னாள்.

அந்த வாரமே புசேயோ துறைமுகத்தடிக்குப் போனாள். அங்கே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்பியோவின் குழு ஓடும். எல்பியோ பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியர், நாற்பத்தைந்து வயது, எந்நேரமும் கழுத்தில் ஒரு விசில். முதல் நாள் நிபியா ஆற்றங்கரைச் சாலையில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினாள். அதற்கடுத்த கம்பம் வரை நடந்தாள். வீட்டுக்கு வந்து உடையோடு படுத்துத் தூங்கினாள். வியாழக்கிழமை மறுபடி போனாள். சில மாதம் கழித்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவளைவிட ஒன்பது வயது சின்னவன், அந்தக் குழுவில் எப்போதும் கடைசி ஆள்.

அறுபத்தைந்து வயதில் நிபியா போட்டிகளில் இறங்கினாள். ஐந்து கிலோமீட்டர் போட்டி. அவள் வயதுப் பிரிவில் நகரம் முழுவதும் சேர்த்து ஓட வந்த பெண்கள் மூன்றே பேர். முன்னாள் நீச்சல் ஆசிரியை சுல்மா முதலில் வருவாள். எழுத்தர் வேலை பார்த்த மிர்தா இரண்டாவது. நிபியா மூன்றாவது. மூன்று வருடத்தில் ஒன்பது போட்டி, ஒன்பது தடவையும் இதே வரிசை, ஒன்பது வெண்கலப் பதக்கம். சமையலறையில் வாணலி தொங்கிய ஆணியில் அவை ஏறிக்கொண்டன. வாணலி அடுப்பின்மேலேயே குடியேறியது.

இங்கே கட்டுரை எழுதுகிறவன்போல நான் கொஞ்சம் பேச வேண்டும். வயதான பிறகு ஒருவரை ஓட வைப்பது எது என்று கேட்டால் ஆரோக்கியம் என்பார்கள், மன அமைதி என்பார்கள். நானும் அப்படித்தான் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அந்தப் பத்தியை நிபியாவிடம் ஸ்பானிய மொழியில் படித்துக் காட்டியபோது அவள் மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சுவதை நிறுத்தவே இல்லை. முடித்ததும், “ரத்தக் கொதிப்புக்காக யாராவது குளிர்ல ஆறு மணிக்கு எந்திரிப்பாங்களா? மெடலுக்காகத்தான். எழுது” என்றாள்.

எழுதிவிட்டேன்.

3

ஏப்ரல் மாதப் போட்டியில் நான்காவதாக ஒருத்தி வந்தாள்.

உயரமானவள், மெலிந்தவள், நெற்றியில் பச்சை நிற வெயில்மறைப்பு. பெயர் வால்கிரியா சோசா. அறுபத்தாறு வயது. வடக்கே சால்தோவில் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காக மகளோடு இருக்க இரண்டு மாதம் முன்புதான் தலைநகருக்கு வந்திருந்தாள். புறப்படும் இடத்தில் அவளைப் பார்த்த நிபியா, ஐம்பது வயதுப் பிரிவு என்று நினைத்து வாழ்த்துகூடச் சொன்னாள். நான்கு கிலோமீட்டர் வரை அந்தப் பச்சை நிறம் தூரத்தில் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

நிபியாவின் நேரம் முப்பத்து நான்கு நிமிடம் நாற்பது விநாடி. அதுதான் அவளுடைய மிகச் சிறந்த நேரமும்கூட. முடிவுப் பட்டியலை ஒட்டியதும் விரலை வைத்துத் தேடினாள். நான்கு.

“நாலாவதா வந்தா என்ன தருவீங்க?” என்று மேசையிலிருந்த பெண்ணிடம் கேட்டாள்.

“வாழைப்பழம்ங்க.”

“அது எல்லாருக்கும் தர்றதுதானே?”

“ஆமாங்க.”

நிபியா வாழைப்பழத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். எல்பியோ சிறந்த நேரத்துக்குக் கைகொடுக்க வந்தபோது அவள் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அடுத்த மூன்று வாரம் அவள் ஓட வரவில்லை.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பிற்பாடு சொன்னதுதான். ஆறு மணிக்குக் கடிகாரம் அடிக்கும், அணைப்பாள். தூக்கம் வராது. தெருவில் முதல் பேருந்து போகிற சத்தம் கேட்கும். ஓடுகிறவர்கள் இந்நேரம் விளக்குக் கம்பங்களைக் கடந்துகொண்டிருப்பார்கள் என்று நினைப்பு ஓடும். ‘நான் இல்லாமலே கம்பமெல்லாம் அங்கேயே நிக்குது’ என்று தோன்றுமாம். முட்டி வலி சுத்தமாகப் போய்விட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

4

மே மாதத்தில் ஒரு மழை நாள். மழை என்றால் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரிப்பார்கள். மேல்வீட்டிலிருந்தும் வாசனை இறங்கியது. ஏறிப் போனேன். நிபியா கதவைத் திறந்தாள், தட்டை நீட்டினாள், உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்துகொண்டேன்.

“என் ஒம்பது மெடலும் எதுக்குக் கொடுத்தாங்க தெரியுமா?” என்றாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே. “வந்து நின்னதுக்கு.”

“ஓடினதுக்குத்தானே கொடுத்தாங்க…”

“மூணு பேர் ஓடி, அதுல மூணாவதா வந்தா அதுக்குப் பேரு கடைசி. மூணு வருஷமா கடைசியா வந்துட்டு மேடை ஏறிக் கையாட்டியிருக்கேன். நீயும் கீழ நின்னு கை தட்டியிருக்கே. ஒரு தடவையாவது ‘நிபியா, நீ கடைசி’ன்னு சொன்னியா?”

“நான் உங்களுக்கும் பின்னாடிதானே வந்தேன். நான் எப்படிச் சொல்றது?”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கிக்கொண்டு ஒரு ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.

“விட்டுடலாம்னுதான் நினைச்சேன். மூணு வாரம் விட்டும் பாத்தேன். சுவரோட சண்டை போடறேன். ரேடியோவுல செய்தி வாசிக்கிறவனோட சண்டை போடறேன். ஓடாம இருக்கவும் முடியலே, ஓடப் போகவும் வெக்கமா இருக்கு.”

நான் என்ன ஆறுதல் சொன்னேன் என்று முதல் வடிவத்தில் அரைப்பக்கம் எழுதியிருந்தேன். உண்மையில் இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்து எல்பியோவை அழைத்தாள்.

“எல்பியோ, ஏழு வருஷமா எனக்கு ஓடக் கத்துக்கொடுத்திருக்கே. வேகமா ஓடக் கத்துக்கொடுக்கலே. ஏன்?”

மறுமுனையில் அவர், “நீங்க கேக்கவே இல்லையே” என்றாராம்.

5

வேகமாக ஓடுவதற்கு எல்பியோ சொன்ன முதல் வழி, மெதுவாக ஓடுவது.

“உங்க எல்லா ஓட்டமும் ஒரே மாதிரி இருக்கு நிபியா. மெதுவாவும் இல்லை, வேகமாவும் இல்லை. தினமும் கொஞ்சம் மூச்சு வாங்குது, தினமும் கொஞ்சம் களைப்பு. உடம்பு எதையும் கத்துக்கறதில்லை. இனிமே வாரத்துல ரெண்டு நாள் மெதுவா, ஒரு நாள் மட்டும் மூச்சு முட்ட. அந்த ஒரு நாளுக்காக மத்த நாளெல்லாம் சேத்து வைங்க.”

“மெதுவான்னா எவ்வளவு மெதுவா?”

“ஓடிக்கிட்டே முழு வாக்கியம் பேச முடியணும். பேச்சு அறுந்துச்சுன்னா வேகம் அதிகம்.”

அப்புறம் வீட்டுப்பாடம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், காலுக்குப் பதினைந்து தடவை. முட்டை சாப்பிட வேண்டும். ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பது நிபியாவுக்குப் பிரச்சினையே இல்லை. ஓடும் பேருந்தில் இரண்டு கையாலும் சில்லறை கொடுத்துப் பழகியவள்.

பேசுவதுதான் சிக்கலாயிற்று. தனியாக ஓடிக்கொண்டே முழு வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். பேருந்தில் கத்திய நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். நாயோடு வந்த ஒருத்தி சாலையின் அந்தப் பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆள், “யாரையாவது கூப்பிடணுமாம்மா?” என்று கவலையோடு கேட்டான்.

“பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணும்” என்றாள் எல்பியோவிடம்.

“இருக்கு. போன வாரம்தான் குழுவுல சேந்தாங்க. உங்க மெதுவான வேகம்தான் அவங்க மெதுவான வேகமும்.”

திரும்பிப் பார்த்தாள். பச்சை வெயில்மறைப்பு காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். கதைக்கு ஒரு கெட்டவள் தேவைப்பட்டாள். அதனால் வால்கிரியாவுக்கு ஒரு ஏளனச் சிரிப்பும், அலட்சியமாகப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கமும் கொடுத்து இரண்டு பக்கம் எழுதினேன். எழுதிய மறுநாள் ஓட்டம் முடிந்ததும் அவள் தானே சுட்ட ஆரஞ்சுக் கேக்கில் பெரிய துண்டை எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அவர்களுடைய முதல் ஓட்டம் ஒரு கிலோமீட்டர் வரை மௌனமாகவே போயிற்று. முன்னால் ஓடிய எல்பியோ திரும்பி, “பேச்சே கேக்கலையே!” என்று விசில் ஊதினார்.

வால்கிரியாதான் தொடங்கினாள். “நீங்க பஸ்ல கண்டக்டரா இருந்தீங்களாமே?”

“ஆமா. டிக்கெட் எடுக்காம ஏர்றவங்களைக் கண்டா எனக்குப் பிடிக்காது.”

“நான் டிக்கெட் எடுத்துட்டுத்தான் ஏறினேன்.” நாலு எட்டு தள்ளி, “அது நீங்க உக்கார்ற இடம்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டேன்” என்றாள்.

நிபியா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்க மூச்சு மிச்சமிருந்ததால் வேகம் சரியாக இருந்தது என்று தெரிந்தது.

அதன் பிறகு அவர்கள் பேச்சு நிற்கவே இல்லை. ஒருத்தியின் மறைந்த கணவர், இன்னொருத்தியின் மறையாத முன்னாள் கணவர், பேத்திக்குச் சொட்டு மருந்து விடுவது எப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் கிடக்கும் தண்ணீர் ஆறா கடலா என்பதில் நிரந்தரச் சண்டை. வால்கிரியா முப்பது வருடம் அதை ஆறு என்று பாடம் நடத்தியவள். “அந்தக் கரை கண்ணுக்குத் தெரியுதா? தெரியலேல்ல? அப்ப கடல்தான். உன் பிள்ளைங்களை எல்லாம் கூப்பிட்டுத் திருத்திச் சொல்லு” என்பாள் நிபியா. ஜூன் மாதத்துக்குள் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது, ‘டீ’யும் வந்திருந்தது.

6

ஜூலையில் நிபியா ஏமாற்றினாள்.

ஓய்வு நாட்களில் யாருக்கும் தெரியாமல் புந்தா கோர்தா மேட்டில் ஏறி ஓடினாள். எல்பியோவின் மெதுவான ஓட்டங்களால் முன்னேற்றம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அது வருகிற வேகம் அவளுக்குப் போதவில்லை. மூன்றாவது வாரம், மேட்டின் பாதியில், இடது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்ததுபோல ஒரு அடி விழுந்தது. திரும்பிப் பார்த்து, “எவன்டா அது?” என்று கத்தினாள். சாலையில் யாருமே இல்லை. தசை கிழிந்திருந்தது.

சுவரில் உட்கார்ந்து வால்கிரியாவுக்குத்தான் தொலைபேசினாள், எனக்கல்ல. வால்கிரியா மகளின் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். வண்டியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“புத்தி இருக்கா உனக்கு? ஓய்வு நாள்னா என்ன அர்த்தம்?”

“உன்னை முந்தணும்னு பாத்தேன்.”

“என்கிட்ட சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேனேடி. ரெண்டு பேரும் சேந்து கிழிச்சிருக்கலாம்.”

(இங்கே நிபியா அழுததாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, “அழலே. குளிருக்கு மூக்கு ஒழுகிச்சு” என்றாள். கதையில் மூக்கு ஒழுகியது என்றே இருக்கட்டும்.)

ஐந்து வாரம் ஓட்டம் கிடையாது. எல்பியோ கோபித்துக்கொள்ளவில்லை. “இருபது வயசுப் பையனுக்கு ஓடற அன்னைக்கே பலம் ஏறிடும். உங்களுக்கு ஓடாத அன்னைக்குத்தான் ஏறும். ஓய்வும் பயிற்சிதான் நிபியா. அதை ஒழுங்கா செய்யுங்க” என்றார். அந்த ஐந்து வாரமும் வால்கிரியா ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் மாடிப்படிக்கு வந்தாள். இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் படியின் விளிம்பில் நின்று, பதினைந்து எண்ணிக் குதிகாலைத் தூக்கி இறக்கினார்கள். என் கதவுக்கு நேர் வெளியே. பதினைந்து எண்ணி முடிப்பதற்குள் ஆறா கடலா என்பது ஒரு தடவையாவது வந்துவிடும்.

செப்டம்பரில் நிபியா மறுபடி ஓடினாள். மெதுவான வேகமே இப்போது முன்னைவிடக் கொஞ்சம் வேகமாகியிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. பேச்சு அறுபடாமல் போய்க்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. எல்பியோ கடிகாரத்தைக் காட்டியபோதுதான் நம்பினாள்.

7

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை வால்கிரியா பேசவில்லை.

“என்னடி, வேகமா போறோமா?”

“இல்லை.”

“பின்ன பேசு. விதி இருக்குல்ல.”

மூன்று கம்பம் தாண்டினார்கள். “மகளுக்கு வீகோவுல வேலை கிடைச்சிருக்கு” என்றாள் வால்கிரியா. “ஸ்பெயின்ல. ஜனவரி கடைசியில போறாங்க. என்னையும் வரச் சொல்றா. சின்னவளை யார் பாத்துக்குவாங்கன்னு கேக்குறா.”

“நீ என்ன சொன்னே?”

“யோசிக்கணும்னேன்.”

நிபியா கணக்குப் போட்டாள். அதை மறைக்கவும் இல்லை. “நீ போனா எனக்கு மூணாவது இடம் திரும்பக் கிடைச்சுடும்.”

“ஆமா. அதையும் யோசிச்சேன்.”

“அங்க உன் பிரிவுல முப்பது பொம்பளைங்க ஓடுவாங்க. உனக்கு வாழைப்பழம்தான்.”

“தெரியும்.”

“போகாதேன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாதே. என் மகதான் ‘வா’ன்னு சொல்லிக்கிட்டிருக்கா. இன்னொருத்தியும் சேந்து சொன்னா என்னால தாங்க முடியாது.”

நிபியா சொல்லவில்லை. வீடு வரும் வரையில் வேறு எதையும்கூடச் சொல்லவில்லை. அன்றைய ஓட்டம் மெதுவான ஓட்டமாக இருந்ததா என்று இருவருக்கும் தெரியாது.

8

நவம்பர் கடைசி ஞாயிறு, ஐந்து கிலோமீட்டர். எண் அட்டைகளை வாங்குகிற இடத்தில் பிரிவுவாரியாகப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். நிபியா விரலை வைத்தாள். அறுபத்தைந்திலிருந்து அறுபத்தொன்பது, பெண்கள்: மூன்று பெயர். மிர்தா, நிபியா, வால்கிரியா.

“சுல்மா எங்க?”

சுல்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். “எனக்கு செப்டம்பர்ல எழுபது ஆச்சே! புதுப் பிரிவு! அதுல நான் ஒருத்திதான்! இன்னைக்கு நான் நடந்து வந்தாக்கூட முதல் பரிசு!” என்றாள். பிறந்தநாளை இவ்வளவு ஆசையோடு எதிர்பார்க்கிற எழுபது வயதுக்காரர்களை ஓட்டக்காரர்களிடையே மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நிபியாவுக்கு மெல்லமெல்ல விளங்கியது. மூன்று பேர். யார் எப்படி ஓடினாலும் மூன்று பேருக்கும் பதக்கம். ஏப்ரலில் ஓடியது போலவே ஓடினாலும் அவளுக்கு மூன்றாவது இடம் கிடைத்துவிடும். மேடு ஏறியது, தசை கிழிந்தது, ஒன்பது மணிக்குப் படுத்தது, ஆறு மாதத்து முட்டை, எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

“நான் வீட்டுக்குப் போறேன்” என்றாள்.

வால்கிரியா பட்டியலைப் படித்தாள். ஒருதரம் படித்தாள். இரண்டாம் தரம் படிக்கும்போது சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அடங்காமல் கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நிபியா கோபத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

“என்ன பண்றது இப்ப?” என்றாள் நிபியா, தானும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஓடிப் பாத்துடலாமே. காலையில எந்திரிச்சு வந்தாச்சு” என்றாள் வால்கிரியா.

9

அடுத்து நடந்ததை நான் பார்த்தது பாதி, கேட்டது மீதி. போகும்போது காற்று முதுகில். பாதியில் திரும்பி அதே சாலையில் வர வேண்டும். நான் இன்னும் போய்க்கொண்டிருந்தபோது அவர்கள் திரும்பி எதிரே வந்தார்கள். தென்கிழக்குக் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. முன்னால் பச்சை நிறம், அதற்கு ஒரு கை தூரத்தில், உயரமான முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி, குட்டையான நிபியா. மிர்தா அவர்களுக்குப் பின்னால் அறுபது மீட்டரில். நான் கத்தினேன். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காவது கிலோமீட்டரில் நிபியா ஏதோ கேட்டாள். வால்கிரியாவிடமிருந்து பதில் இல்லை. மறுபடி கேட்டாள். ஒரு சொல்கூட வரவில்லை. பேச்சு அறுந்திருந்தது. முழுக் காற்றையும் அவள் ஒருத்தியே வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

இந்த இடத்தில் அவளை விட்டுவிட்டு ஓடிவிடலாம். அதற்காகத்தான் ஆறு மாதம். அப்படி நினைத்தீர்களா என்று நான் கேட்டேன். “நினைச்சேன். நினைக்காம இருப்பேனா?” என்றாள். பக்கவாட்டில் வந்து, முன்னால் போய், “பின்னாடி வாடி, ஒட்டிக்கோ” என்று கத்தினாள். வால்கிரியாவின் பாதி உயரத்தில் அவளால் எவ்வளவு காற்றைத் தடுக்க முடிந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் வால்கிரியா ஒட்டிக்கொண்டாள். குனிந்து, நிபியாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் வந்தாள்.

கடைசி நூறு மீட்டர். நிபியாவின் நெஞ்சு எரிந்தது, கெண்டைக்கால் பேசாமல் இருந்தது. முடிவுக் கோட்டின் கடிகாரத்தில் முப்பதைத் தாண்டி எதுவோ ஓடியது. அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு பச்சை நிறம் எட்டிப் பார்த்தது.

“மன்னிச்சுக்கோடி!” என்று கத்திக்கொண்டே வால்கிரியா அவளைத் தாண்டிப் போனாள்.

வால்கிரியா முப்பத்தொரு நிமிடம் ஆறு விநாடி. நிபியா முப்பத்தொரு நிமிடம் ஒன்பது விநாடி. ஏப்ரலைவிட மூன்றரை நிமிடம் குறைவு. கோட்டைத் தாண்டியதும் நிபியா பேச முடியாமல் வால்கிரியாவின் தோளில் ஒன்று வைத்தாள், பலமாகவே. அப்புறம் அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடைக்குக் கூப்பிட்டபோது நிபியா நேராகப் போய் மூன்றாவது படியில் ஏறிக் கையாட்டினாள்.

“அது என் இடம்” என்றாள் கீழே நின்ற மிர்தா.

நிபியா அந்தப் படியைப் பார்த்தாள், பக்கத்தில் அதைவிட உயரமாக இருந்த படியைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அங்கே ஏறியதில்லை. வால்கிரியா முதல் படியிலிருந்து கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு ஏறினாள்.

10

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்துத்தான் படித்துக் காட்டினேன்.

“வீகோ என்னாச்சுன்னு எழுதலையே” என்றாள் நிபியா.

“எனக்குத் தெரியாதே. அவங்க இன்னும் சொல்லலையே.”

“அதான். சொல்லாததை எழுதாதே. ஆனா சொல்லலைங்கறதையாவது எழுது.”

எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வால்கிரியா விமானம் ஏறுகிறாள், நிபியா ஆற்றங்கரையில் தனியாக முழு வாக்கியங்கள் பேசிக்கொண்டு ஓடுகிறாள். அதை என்னாலேயே இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. இன்னொன்றில் வால்கிரியா போகாமல் இருந்துவிடுகிறாள். அதில் நாலு வயதுப் பேத்தி விமான நிலையத்தில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். அதுவும் ஆகவில்லை. மூன்றாவதில் நிபியாவையே வீகோவுக்கு அனுப்பிவைத்— வேண்டாம், வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி இரண்டாவது செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்குச் சொல்வதாக வால்கிரியா மகளிடம் தவணை கேட்டிருந்தாள். காலை ஏழு மணிக்கே வெயில். மெதுவான ஓட்டம். அவர்கள் இருவரும் முன்னால். நான் வழக்கம்போலப் பின்னால், இருநூறு மீட்டர் இருக்கும். அவர்களுடைய மெதுவான வேகம் இப்போது என்னுடைய முழு வேகம்.

போசிதோஸ் வளைவு தாண்டியதும் வால்கிரியா பேசத் தொடங்கினாள். கையசைவிலிருந்து தெரிந்தது. நீளமாகப் பேசினாள். நிபியா குறுக்கே பேசவில்லை, அதுவே அதிசயம். திடீரென்று நிபியா நின்றாள். ஓட்டத்தின் நடுவில் அவள் நின்று நான் பார்த்ததில்லை. முட்டியில் கையூன்றிக் குனிந்தாள். தோள் குலுங்கியது. பின்னாலிருந்து பார்க்கும்போது அழுகிற தோளும் சிரிக்கிற தோளும் ஒரே மாதிரித்தான் குலுங்குகின்றன. வால்கிரியா அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் வேகத்தைக் கூட்டினேன். எண்பது மீட்டர் நெருக்கத்துக்குப் போயிருப்பேன், அவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். மறுபடி ஓடத் தொடங்கினார்கள். மெதுவாக அல்ல. செவ்வாய்க்கிழமைக்கு விதித்திருந்த எல்லாவற்றையும் மீறி, தோளோடு தோளாக, ஒருத்தியை ஒருத்தி முந்தப் பார்த்துக்கொண்டு. அந்த வேகத்தில் பேச முடியாது என்று எல்பியோ சொல்லியிருக்கிறார். அவர்கள் பேசிக்கொண்டேதான் போனார்கள். காற்று அந்தப் பேச்சை அவர்களுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போயிற்று.

என்னால் பிடிக்க முடியவில்லை. விலா பிடித்துக்கொண்டது. ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டுதான் இந்தக் கடைசி வரிகளை யோசிக்கிறேன். உங்கள் கால் என் காலைவிட நன்றாக இருக்கலாம். அவர்கள் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறார்கள், பச்சை நிறம் வலது பக்கம். இப்போதே கிளம்பினால் அடுத்த வளைவுக்குள் எட்டிப் பிடித்துவிடலாம். போய், பக்கத்தில் ஓடி, என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.